ஆச்சிக்கு உதொண்டும் தெரியாது, தம்பி

இருங்கோ தம்பி. அந்தப் பெட்டியை மேசையிலை வையுங்கோ. என்னது, பால் எடுக்கிற மிசினோ? பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாசம் கிடக்கு, மிசின் முந்தி வந்திட்டுது. தொட்டில் வந்தாச்சு, தள்ளுவண்டில் வந்தாச்சு, சுவரிலை யானைப்படமும் ஒட்டியாச்சு. காலி வீதியை ஒரு ஆள் தனியக் கடக்கிறதே பெரும்பாடு, உங்கை வெள்ளவத்தையிலை வண்டிலை எந்த ஒழுங்கையிலை தள்ளப் போறியள் எண்டு நான் கேக்கேல்லை. நான் ஊர்க்கிழவி. எனக்கு உதுகள் விளங்காது.

ஒண்டு மட்டும் கேக்கிறன், கோவிக்கப்படாது. போன மாசம் மண்டபம் எடுத்து வளைகாப்பு வைச்சியள். எங்கடை பக்கத்திலை முந்தி உப்பிடிப் பெரிசா ஒண்டும் இல்லை, சினிமா பாத்து வந்த சடங்கு. சரி, வரட்டும். படம் எடுக்கிற பெடியன் என்ரை பேத்தியைக் கல்கிசைக் கடற்கரையிலை நிப்பாட்டி, வயித்தைப் பிடியுங்கோ, தலையைச் சரியுங்கோ எண்டு பொழுதுபடும்வரைக்கும் வெயிலிலை காய விட்டான். மண்டபம் நிறையச் சனம். பிரியாணி, ஐஸ்கிறீம், பையிலை போட்டுக் குடுத்த பலகாரம். அவ்வளவு சனத்துக்குள்ளையும் ஒரு ஆள், "பிள்ளை பிறந்தாப்போலை நான் வந்து துணி தோய்ச்சுத் தாறன்" எண்டு சொன்னதோ? எனக்குக் காது மந்தம், ஒருவேளை கேக்கேல்லையாக்கும்.

உங்கடை கந்தோரிலை எத்தனை நாள் லீவு தருவினம்? அரசாங்க உத்தியோகத்தனெண்டால் தகப்பனுக்கு மூண்டு நாள். நீங்கள் தனியார் கொம்பனி, உங்களுக்குச் சட்டத்திலை ஒண்டும் இல்லை, மனேச்சர் மனம் வைச்சால்தான். கவலைப்படாதேங்கோ. மூண்டு நாளிலை ஒரு ஆம்பிளை என்ன செய்யப் போறான்? முதல் நாள் ஆஸ்பத்திரி வாசலிலை நிப்பான், ரெண்டாம் நாள் லட்டுக் குடுப்பான், மூண்டாம் நாள் பிள்ளையின்ரை காலைப் படம் எடுத்து பேஸ்புக்கிலை போடுவான்.

என்ரை பேத்திக்கு 84 நாள் லீவு. வாராந்த விடுமுறையும் போயாவும் அந்தக் கணக்கிலை சேராது, அந்தளவுக்குப் புண்ணியம். 1939இலை, வெள்ளைக்காரன் இருக்கேக்கை போட்ட மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு கிடக்கு. ரெண்டு பிள்ளை உள்ளவள் மூண்டாவதைப் பெத்தால் 42 நாள்தான் லீவு எண்டு கனகாலம் இருந்தது. மூண்டாவது பிள்ளை அரைவயித்துக்குத்தான் குடிக்கும் எண்டு ஆரோ ஒரு படிச்சவர் கண்டுபிடிச்சிருக்கிறார் போலை. 2018இலைதான் எத்தனையாவது பிள்ளையெண்டாலும் 84 நாள் எண்டு திருத்தினவை. இன்னொண்டும் அதிலை இருக்கு. வேலைக்குத் திரும்பிப் போனாலும், பிள்ளைக்கு ஒரு வயசு ஆகும்வரைக்கும் பால் குடுக்கப் பகலிலை ரெண்டு தரம் நேரம் விடவேணும். வேலைத்தலத்திலை பிள்ளை பாக்கிற இடம் இருந்தால் அரை அரை மணித்தியாலம், இல்லாட்டி ஒவ்வொரு மணித்தியாலம்.

இவள் கோட்டையிலை வேலை. 100ஆம் நம்பர் பஸ் கொள்ளுப்பிட்டி தாண்டவே அந்த ஒரு மணித்தியாலம் முடிஞ்சுபோம். ஓ, அதுக்குத்தான் மிசினோ? அப்ப சரி, மிசின் இருக்கட்டும். ஆனால் கந்தோரிலை கதவு பூட்டுற அறையொண்டும், எடுத்த பாலை வைக்கப் பிரிட்ஜிலை ஒரு மூலையும் தருவினமோ எண்டு லீவுக் கடிதம் குடுக்கேக்கையே கேட்டு வைக்கச் சொல்லுங்கோ. கக்கூசுக்குள்ளை இருந்து எடு எண்டு சொல்லுவினம். அப்பிடிச் சொல்லுற ஆள் தன்ரை மத்தியானச் சோத்தை அங்கை கொண்டுபோய்ச் சாப்பிடுவாரோ எண்டும் மரியாதையாக் கேக்கலாம்.

அதென்ன அந்தக் கடுதாசி? சாத்திரியார் எழுதித் தந்ததோ? நல்ல நட்சத்திரம், நல்ல ஓரை, வியாழன் காலமை வயித்தை வெட்டி எடுத்தால் பிள்ளை டொக்டர். பாவம் வியாழபகவான், உங்கடை பிள்ளைக்கு மட்டும் அவர் நேரத்துக்கு வரவேணும். வெட்டவேண்டி வந்தால் வெட்டத்தான் வேணும், அதாலை எத்தனை தாயும் பிள்ளையும் தப்பியிருக்கு. 2016இலை எடுத்த கணக்கிலை இந்த நாட்டிலை நூறு பிறப்பிலை 32 வெட்டித்தான். ஆனால் காரணம் இல்லாமல் 39 கிழமைக்கு முந்தி எடுத்தால் பிள்ளை மூச்சுக்குக் கஷ்டப்படுமெண்டு டொக்டர்மாரே சொல்லுகினம். சாத்திரியாரின்ரை கடுதாசியிலை மூச்சுக்கு ஒரு கட்டம் போட்டிருக்கோ, பாருங்கோ.

உங்கடை கூட்டாளி ஒருத்தர் வந்து, "அந்தக் காலத்திலை எல்லாம் வீட்டிலை இயற்கையாத்தானே ஆச்சி பெத்தவை, எவ்வளவு நல்ல காலம்" எண்டார். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர், நான் ஒண்டும் சொல்லேல்லை. 1930களிலை இந்தத் தீவிலை ஒரு லட்சம் பிள்ளை பிறந்தால் 2,000க்கு மேலை தாய்மார் செத்தவை. செத்தவள் வந்து கதை சொல்ல மாட்டாள் தம்பி, தப்பினவளின்ரை கதையைத்தான் உங்கடை கூட்டாளி கேட்டிருக்கிறார். இண்டைக்கு அது ரெண்டு இலக்கத்துக்கு இறங்கியிட்டுது. அது ஆகாயத்திலையிருந்து விழேல்லை. 1926இலை களுத்துறையிலை முதல் சுகாதாரப் பிரிவைத் துவங்கி, பேந்து நாடு முழுக்க வீடு வீடா மருத்துவமாதை அனுப்பி, மலேரியாவை அடக்கி, பிரசவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து செய்த வேலை. உந்த டி சொய்சா ஆஸ்பத்திரி 1879இலையிருந்து கிடக்கு, சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா எண்ட தனவந்தன் குடுத்தது. அதுக்கங்காலை காசல் வீதி, இஞ்சாலை களுபோவில. காசு வாங்காத ஆஸ்பத்திரியெண்டால் உங்களுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். ஏசி அறையும் பழக்கூடையும் வேணுமெண்டால் தனியாருக்குப் போங்கோ, நான் மறிக்கேல்லை. ஆனால் பிள்ளை பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ளை மார்பிலை போட்டு, வாயைச் சரியா வைச்சுக் குடுக்கிற நேர்ஸ் அங்கை ராவிலையும் நிக்கிறாவோ எண்டு கேட்டுக்கொண்டு காசைக் கட்டுங்கோ.

மருத்துவமாது எண்டதும்தான் ஞாபகம் வருகுது. போன கிழமை அந்தப் பிள்ளை பையையும் தூக்கிக்கொண்டு வந்தவள். சோத்துப் பாசல் கொண்டு வாற பெடியனுக்குக் கையைக் காட்டி மேலை விடுற எங்கடை காவற்காரன், அவளைக் கீழை மறிச்சு, ஆர், என்ன, எந்த மாடி எண்டு விசாரணை. லிஃப்டும் அண்டைக்கு வேலை இல்லை. வேர்த்து விறுவிறுத்து ஏறி வந்தவள், தண்ணி குடிச்சாப்போலை முதல் கேட்டது என்ன தெரியுமோ? "இரும்புக் குளிசை எப்ப போடுறீங்கள் அக்கா?" இவள் சொன்னாள், சாப்பிட்ட உடனை தேத்தண்ணியோடை. தேத்தண்ணி உள்ளை போனால் அந்த இரும்பு உடம்பிலை ஒட்டாதாம், தேசிக்காய்த் தண்ணியோடை போடவேணுமாம், கல்சியத்தை வேறை நேரத்திலை போடவேணுமாம். வளைகாப்புக்கு வந்த ஒருத்தரும் உதைக் கேக்கேல்லை.

அவள் தந்த திரிபோஷாப் பைக்கற் எங்கை? 1973இலையிருந்து கர்ப்பிணிக்கும் பால் குடுக்கிறவளுக்கும் எண்டு சும்மா குடுக்கிற சாமான். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைச்சு உருட்டினால் நல்ல ருசிதான். எத்தினை உருண்டை பிடிச்சு வைச்சன், எத்தினை இப்ப கிடக்கு எண்டு நான் எண்ணேல்லை. ஆனால் தம்பி, உங்கடை வயிறும் எட்டு மாசம் மாதிரித்தான் தெரியுது.

இனி விசயத்துக்கு வாறன். பால் ஊறப்பண்ண ஆயிரம் பேர் வழி சொல்லுவினம். வத்தப்பண்ண வழி ஆச்சி சொல்லுறன், எழுதி வையுங்கோ. பிள்ளை வீட்டுக்கு வந்த அண்டே சனத்தைக் கூப்பிடுங்கோ. வாறவை நல்லா உடுத்துக்கொண்டு, பால்மா ரின்னும் பழமும் கொண்டு வருவினம். தொட்டிலை எட்டிப் பாத்து, "என்ன, பிள்ளை மெலிவு, பால் காணாது போலை" எண்டு ஒருத்தி துவங்குவா. "எனக்கெண்டால் பீச்சி அடிச்சது" எண்டு மற்றவ. பெத்து மூண்டு நாளான பெட்டை, தையல் நோவோடை எழும்பி, தலையைக் கட்டி, அவைக்குத் தேத்தண்ணி ஊத்தவேணும். அவை போறதுக்குள்ளை பிள்ளை அழும், இவள் சனத்துக்கு முன்னாலை குடுக்க வெக்கப்பட்டு அறைக்குள்ளை ஓடுவாள், உள்ளை போயும் பதட்டத்திலை பால் இறங்காது. ராவைக்கு நீங்கள் அந்த ரின்னை உடைப்பியள். ரெண்டு கிழமையிலை காரியம் முடிஞ்சுது.

முதல் ரெண்டு மூண்டு நாள் வாறது மஞ்சளாக் கொஞ்சம்தான் தம்பி. மாட்டிலையெண்டால் கடும்பு காய்ச்சி ஊருக்கெல்லாம் குடுக்கிறம், தாயின்ரையை மட்டும் பிழிஞ்சு ஊத்தச் சொன்ன புத்திசாலிகள் எங்கடை ஆக்கள். பிள்ளையின்ரை வயிறு அப்ப நல்லாச் சின்னன், அந்தக் கொஞ்சமே அதுக்குக் காணும். மூண்டாம் நாலாம் நாள் பால் கட்டும், வெட்டி எடுத்தவளுக்குக் கொஞ்சம் சுணங்கும். காம்பை மட்டும் கவ்வினால் தாய்க்கு உயிர் போகும், பிள்ளைக்கு ஒண்டும் கிடைக்காது. வாயை ஆவெண்டு திறக்கவிட்டு, கறுப்பு வட்டமும் உள்ளை போக, கீழ்ச்சொண்டு வெளியாலை மடிய, நாடி மார்பிலை முட்ட வைக்கவேணும். பிள்ளை விழுங்கிற சத்தம் கேக்கும். ஒரு கிழமை கழிய நாளுக்கு ஆறு தரமாவது மூத்திரம் போனால் பால் காணுது எண்டு அர்த்தம். அதை எண்ணுறது உங்கடை வேலை. கணக்குப் படிச்சனியள்தானே.

பால் எண்டது எங்கடை ஊர்த் துலாக்கிணறு. இறைக்க இறைக்க ஊறும். இறைப்பை நிப்பாட்டிப் பவுசர்த் தண்ணி வாங்கத் துவங்கினால், ஊத்துக்கு என்ன கேடு, அதுபாட்டிலை அடைபடும். 1981இலை உலக சுகாதார நிறுவனம் பால்மாக்காரரின்ரை விளம்பரத்துக்கு ஒரு கோவை போட்டுது. இந்த நாடு 1983இலையே தன்ரை கோவையைக் கொண்டுவந்திட்டுது. 2016இலை பாத்தபோது ஆறு மாசத்துக்கு உட்பட்ட பிள்ளையளிலை நூறுக்கு 82 தாய்ப்பால் மட்டும் குடிச்சுக்கொண்டு இருந்ததுகள். பெரிய பெரிய நாடுகளுக்கே கிட்டாத கணக்கு. பேந்து 2022இலை பால்மாவுக்கு வரிசையிலை நிண்டம், அப்ப மார்பிலை பால் இருந்தவள்தான் ராசாத்தி. உண்மையிலேயே குடுக்க ஏலாதவளும் இருக்கிறாள், வருத்தக்காரி, மருந்து குடிக்கிறவள். அவளுக்குப் பால்மா தேவை, அவளை ஒருத்தரும் நக்கல் அடிக்கப்படாது. அடிச்சால் ஆச்சியின்ரை வாய் அவைக்கு ஏற்கெனவே தெரியும்.

பத்தியத்தையும் சொல்லத்தான் வேணும், இல்லாட்டி ஆச்சி தன்ரை ஆக்களை விட்டிட்டா எண்டுவியள். பெத்தவள் தண்ணி குடிக்கப்படாது, மரக்கறி தொடப்படாது எண்டு அடைச்சு வைச்ச கிழவியள் நாங்கள்தான். பால் குடுக்கிறவளுக்குத் தண்ணி குடுக்காட்டி பால் எங்கையிருந்து வரும்? அதுகளை விடுங்கோ. மிளகு, சீரகம், மல்லி, உள்ளி அரைச்சு வைச்ச சரக்குக்கறி நல்லது, வாய்க்கு இதமா இருக்கும். பால்சுறாவும் நல்லது. சுறாவை அவிச்சு, தோலை உரிச்சு, பூவா உதிர்த்து, பிழிஞ்சு, உள்ளியும் மிளகும் போட்டு வறுக்கவேணும், சுணங்கிற வேலை. சுறாவாலை பால் ஊறுதோ, இல்லை, சுறாவை வாங்கி இவ்வளவும் செய்து அவளுக்கு முன்னாலை சுடச்சுட வைக்க ஒரு ஆள் நிக்கிறதாலை ஊறுதோ எண்டு எனக்குக் கனநாளா ஒரு சந்தேகம். நீங்களே சமைச்சுக் குடுத்துப் பாருங்கோ, தெரியவரும்.

கொட்டாஞ்சேனையிலை என்ரை தங்கச்சியின்ரை பேத்தி போன வருசம் பெத்தவள். ஒரு தோட்டத்துக்குள்ளை ரெண்டு அறை வீடு, கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுக் குசினி. சத்தமெண்டால் சொல்லேலாது, மேலாலை வானொலி, கீழாலை சண்டை. ஆனால் நான் போனநேரம், முன்வீட்டு வேதக்கார மனிசி பிள்ளையை மடியிலை வைச்சுச் செபமாலை சொல்லுறா, பக்கத்து முஸ்லிம் பெட்டை கஞ்சி கொண்டு வந்து வைச்சிட்டுப் போறாள், கொடியிலை பிள்ளையின்ரை துணி ஆரோ தோய்ச்சுக் காயுது. தாய்க்காரி உள்ளை வாயைத் திறந்துகொண்டு நித்திரை. ஒருத்தரும் அவளை எழுப்பேல்லை, எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்ததும் முன்வீட்டு மனிசிதான்.

இஞ்சை எங்கடை மாடியிலை எதிர்க்கதவுக்காரர் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? துவாரத்தாலை பாக்கினம், நாங்களும் பாக்கிறம். இவள் ரா ரெண்டு மணிக்குப் பிள்ளையும் கையுமா, கடற்கரை ரெயில் சத்தத்துக்குத் திடுக்கிட்டு அழுகிற பிள்ளையோடை தானும் அழுதால் ஆர் கேக்கிறது? முதல் ஒரு கிழமை அழுகை கனபேருக்கு வரும், போம். ரெண்டு கிழமை தாண்டியும் சாப்பாடு இறங்கேல்லை, பிள்ளை படுத்தாலும் தனக்கு நித்திரை வரேல்லை, பிள்ளையைப் பாக்க மனமில்லை எண்டால், பேய் எண்டு நூல் கட்டாமல் மருத்துவமாதிட்டைச் சொல்லுங்கோ. அந்த மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1987இலை எடின்பரோவிலை செய்த பத்துக் கேள்வித் தாள் ஒண்டை உலகமெல்லாம் பாவிக்கினம், மனச்சோர்வுக்கு மருந்தும் இருக்கு, வழியும் இருக்கு.

அதாலை தம்பி, நாளைக்குக் காலமை மிசின் பெட்டியை உள்ளை வைச்சிட்டு, எதிர்க்கதவைத் தட்டி, எங்களுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது எண்டு ஒரு வாழைப்பழச் சீப்போடை சொல்லிப்போட்டு வாங்கோ. காவற்காரனுக்கு மருத்துவமாதின்ரை முகத்தைக் காட்டிக் குடுங்கோ. வெள்ளவத்தைச் சந்தைக்கு வெள்ளனப் போய்ச் சுறா என்ன விலையெண்டு கேட்டுப் பழகுங்கோ, தோலையும் மீன்காரனையே உரிச்சுத் தரச் சொல்லலாம். பிள்ளை பிறந்தாப்போலை ரொறன்ரோவிலையிருந்து சித்தி, லண்டனிலையிருந்து மாமி எண்டு வட்சப்பிலை வரிசையா வருவினம், காட்டு, காட்டு, பிள்ளையைக் காட்டு எண்டு. எல்லாரிட்டையும் சொல்லுங்கோ, பிள்ளையும் நித்திரை, தாயும் நித்திரை, ஆச்சி முழிப்பாத்தான் இருக்கிறா, கதைக்க ஆசையெண்டால் அவவோடை கதைக்கலாம் எண்டு. ரெண்டு தரம் கதைச்சினமெண்டால் மூண்டாந்தரம் எடுக்க மாட்டினம், அதுக்கு நான் பொறுப்பு.