விதிப்படி நோயுறுதல்

மனிதனுக்கு வியாதி வருவது பூர்வ கர்மத்தால் என்று பெரியவர்களும், கிருமிகளால் என்று வைத்தியர்களும் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், வியாதி எப்போது வரலாம், வந்தால் எத்தனை மணி நேரம் தங்கவேண்டும், என்ன வாடகையுள்ள அறையில் படுக்கலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே அச்சிட்டுக் கையில் கொடுக்கும் ஒரு சாஸ்திரம் தோன்றப்போகிறது என்று இரு கட்சியாருமே கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள். நம் தேசத்தில் அந்தச் சாஸ்திரம், சர்க்காரின் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 'மெடிக்ளெயிம்' என்னும் பாலிசியை வெளியிட்ட 1986-ஆம் ஆண்டில் அவதரித்தது. அதற்கு இன்று கோடிக்கணக்கான பக்தர்கள். ஆயினும் மூல நூலைக் கடைசிப் பக்கம்வரை பாராயணம் செய்தவர் என்று நான் அறிந்தவர் ஒருவரே. அவர் என் தமக்கையின் கணவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சந்திப்பிழை பார்த்த பிறகே கல்யாணத்துக்குப் புறப்படுகிறவர்.

பாலிசி விற்க வந்த இளைஞர் சோபாவில் அமர்ந்து, காபி ஆறுவதையும் பொருட்படுத்தாமல், "எல்லாம் கவர் ஆயிடும் சார், நீங்க கவலையே படாதீங்க" என்று அபயஹஸ்தம் காட்டியபோது, அத்தான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "தம்பி, அந்த 'எல்லாம்' எத்தனாம் பக்கத்துல இருக்கு?" என்று சாவகாசமாகக் கேட்டார். இளைஞர் முதற்பக்கத்தைக் காட்டினார். அதில் தாத்தா, பாட்டி, பேரக்குழந்தைகள் சகிதம் ஒரு குடும்பம், இனி எந்த வியாதியும் தங்களை அண்டாது என்று எழுத்து மூலம் உறுதி பெற்றுவிட்டது போல, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. அத்தான் அதைப் புரட்டிவிட்டு, நிஷேதங்கள் தொடங்கும் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

அங்கே அவர் கண்டுகொண்ட தத்துவம் இது: பாலிசிதாரர் வியாதியில் விழுவதற்குக் கம்பெனிக்கு ஆக்ஷேபணை கிடையாது, ஆனால் ஒழுங்காக விழவேண்டும். பாலிசி எடுத்த முதல் 30 நாட்களுக்குள், விபத்தைத் தவிர வேறொன்றும் நேரக்கூடாது. கண்புரை, குடலிறக்கம், மூலம் முதலியவை பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்காவது பொறுமை காக்கவேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்று ஏற்கெனவே உடம்பில் குடியேறிவிட்ட வியாதிகளுக்கான காத்திருப்பு முன்பு 48 மாதம் வரை இருந்தது, ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்னும் ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் அதை அதிகபட்சம் 36 மாதமாகக் குறைத்தது. ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் பிரீமியம் கட்டிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி இருந்தாலன்றி, "நீர் அன்று உம்முடைய வியாதியைச் சொல்லவில்லையே" என்று கம்பெனி கேட்கவும் முடியாது. ஆகவே அத்தான் தம்முடைய சர்க்கரையையும், அதற்குச் சாப்பிடும் மாத்திரையையும், அந்த மாத்திரையை மறந்த நாட்களையும்கூட விண்ணப்பத்தில் எழுதப் போனார். கடைசியாகச் சொன்னதை மட்டும் என் தமக்கை தடுத்துவிட்டாள்.

அவருடைய குடலிறக்கமும் அவரைப் போலவே கட்டுப்பாடு உள்ளது போலும். இரண்டு ஆண்டு கெடு தாண்டிய பின்புதான் வெளிப்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில், "எங்கே வலிக்கிறது?" என்பதற்கு முன்னால் கேட்கப்படும் கேள்வி, "இன்ஷூரன்ஸா, கேஷா?" என்பது. இன்ஷூரன்ஸ் என்றதும் டீலக்ஸ் அறையைக் காட்டினார்கள். நாள் வாடகை 6,000 ரூபாய். தொலைக்காட்சி உண்டு, பார்க்க வருகிறவர்களுக்குச் சோபா உண்டு. "ஏங்க, கம்பெனிதானே குடுக்குது, இதையே எடுத்துக்கலாமே" என்றாள் தமக்கை. அத்தான் வலது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று லட்ச ரூபாய்ப் பாலிசி. அறை வாடகை நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று, அதாவது 3,000 ரூபாய். ஆறாயிர ரூபாய் அறையில் படுத்தால் வாடகையில் பாதி நம் தலையில் விழும், அவ்வளவுதான் என்று நினைப்பது பாமரர் வழக்கம். அறை வாடகை இரட்டித்த பாவத்துக்காக டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம், நர்ஸ் கட்டணம் ஆகிய அனைத்தையும் கம்பெனி பாதியாக வெட்டிவிடும். பல ஆஸ்பத்திரிகளில் அறையின் அந்தஸ்துக்குத் தக்கபடி கத்தியின் கூலியும் உயர்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். மருந்து, உடம்பில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் மட்டும் இப்படிக் கை வைக்கலாகாது என்று ஆணையம் 2020-இல் விதித்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்து துக்கம் விசாரிக்க இருந்தவர்களுக்காகத் தாம் அரை லட்சம் தருவதற்கில்லை என்று அத்தான் தீர்மானமாகச் சொன்னார். தமக்கைக்கு மூன்று நாள் முகம் தெளியவில்லை.

இத்தனை ஜாக்கிரதைக்குப் பிறகும் அவரை மடக்கிய இடம் ஒன்று உண்டு. கம்பெனிகள் சாதாரணமாகத் தரவேண்டியதில்லை என்று ஒதுக்கி வைத்த 68 பொருள்களின் பட்டியல் அது. இப்பட்டியலை நான் நேரில் வாசித்திருக்கிறேன். நம் நாட்டு உரைநடையில் அதற்கு நிகரான ஹாஸ்யம் குறைவு. மினரல் வாட்டர், லாண்டரி, டெலிபோன் முதலியவை போகட்டும். தெர்மாமீட்டர் கிடையாது, ஜுரம் இருக்கிறதென்று கம்பெனி ஒப்புக்கொள்ளும், அதை அளந்தறிவது நோயாளியின் சொந்த ஆசை. கையுறையும் முகமூடியும் கிடையாது. வைத்தியர் கம்பெனிச் செலவில் வயிற்றைத் திறக்கலாம், ஆனால் வெறுங்கையோடு திறந்துகொள்ளவேண்டும். ஈ.சி.ஜி. எடுக்கலாம், அதற்கு மார்பில் ஒட்டும் வில்லைகள் நம்முடையவை. பிறப்புச் சான்றிதழ்க் கட்டணமும் பட்டியலில் இருக்கிறது, சவக்கிடங்குக் கட்டணமும் இருக்கிறது. ஜீவனின் இரு எல்லைகளையும் விலக்கி நடுவில் உள்ளதற்கு மாத்திரம் பொறுப்பேற்கும் இந்த அடக்கத்தை எந்த வேதாந்தியிடமும் நான் கண்டதில்லை. விவரம் குறிப்பிடாத எந்தக் 'கிட்'டுக்கும் பணமில்லை என்றும் ஒரு வரி உண்டு. ஆஸ்பத்திரிப் பில்லிலோ 'சர்ஜரி கிட்' என்று ஒற்றைச் சொல்லில் பெருந்தொகை போட்டிருந்தார்கள். அத்தான் அதைப் பிரித்து எழுதச் சொன்னார். பிரித்தபோது, பாதிப் பொருள்களுக்குப் பணம் கிடைக்கும் என்று தெரிந்தது. மீதிப் பாதி கையுறைகளாக இருந்தன.

டிஸ்சார்ஜ் தினத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். காலையில் வைத்தியர் வீட்டுக்குப் போகலாம் என்றார். மாலைவரை, "அப்ரூவல் வரலை சார்" என்றார்கள். ஆஸ்பத்திரியின் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் தரவேண்டும், தாமதத்தால் ஏறும் கூடுதல் கட்டணம் கம்பெனிப் பங்குதாரர்கள் பணத்திலிருந்து போகவேண்டும் என்ற 2024-ஆம் ஆண்டு விதியை அத்தான் வாய்விட்டு வாசித்தார். அப்ரூவல் வந்தது, 'நியாயமான, வழக்கமான கட்டணத்துக்கு மேற்பட்டது' என்று கொஞ்சம் வெட்டுப்பட்டும் வந்தது.

அதற்கு அவர் கம்பெனிக்கு எழுதிய ஆக்ஷேபணைக் கடிதத்தின் அடியில், ஒரு மாதத்துக்குள் தக்க பதில் இல்லையேல் தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மன் அலுவலகத்தை அணுக உத்தேசம் என்று ஒரு வரி சேர்த்தார். 50 லட்சம் ரூபாய் வரை வழக்குகளைக் கேட்கும் அந்த ஸ்தானத்தில் கட்டணமும் இல்லை, வக்கீலும் இல்லை. இப்படியொரு சௌகரியம் இருக்கிறதென்பதை எந்த விளம்பரத்திலும் எவரும் சிரித்துக்கொண்டு சொன்னதாக எனக்கு நினைவில்லை. வெட்டிய தொகை பத்து நாளில் வந்துசேர்ந்தது.

அதன்பின் ஒருநாள், நான் அங்கே இருந்தபோதே, தொலைபேசி அழைத்தது. ஆணையத்தின் டெல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுவதாகவும், பாலிசிக்குப் பெரிய போனஸ் வந்திருப்பதாகவும், முன்பணம் கொஞ்சம் கட்டினால் போதும் என்றும் ஒரு குரல் மிக மரியாதையாகச் சொல்லிற்று. அந்த ஆணையம் பாலிசி விற்பதுமில்லை, போனஸ் அறிவிப்பதுமில்லை என்று அதுவே பொதுமக்களுக்குப் பலமுறை சொல்லியிருப்பதை அத்தான் எடுத்துக்காட்டினார். "அதோட, தலைமை அலுவலகம் ஹைதராபாத்துல இருக்கு தம்பி."

"போன மாசம் டெல்லிக்கு மாத்திட்டாங்க சார்."

அத்தான் உத்தரவின் எண்ணும் தேதியும் கேட்டார். பாலிசி எந்த வகை, போனஸ் எந்தப் பிரிவின்படி என்று அடுக்கிக்கொண்டே போனார். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு அந்தக் குரல் தணிந்து, வேறொரு தொனியில் வந்தது.

"சார், உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. எங்க அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ணினோம். கிளெயிம் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. என்ன பண்றதுன்னே தெரியலை."

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பாலிசி எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சா?" என்றார்.