கொப்பரையில் இளநீர்

பெறுநர்: உயர்திரு ஒலிப்பதிவு ஏற்புக் குழுவினர்
அனுப்புநர்: கார் நிக்கோபாரில் பிழைக்க வந்த ஒரு தமிழ் வாத்தியார்

ஐயன்மீர்,

நேற்று தங்கள் கடிதம் வந்தது. 'ஏற்கப்பட்டது. தரம்: மிகச் சிறப்பு.' படித்ததும் கூசிப்போனேன்.

எங்கள் தீவின் மலாக்காப் பக்கத்துப் பாடகர் குழுவின் ஐந்து நிமிடக் கிறிஸ்துமஸ் பாட்டு அது. முதலில் வேவ் கோப்பாக அனுப்பினேன். விநாடிக்கு 44,100 மாதிரி, 16 பிட், ஸ்டீரியோ, 53 எம்பி. '2 எம்பிக்கு மேல் கூடாது' என்றீர்கள். சரி, எம்பி3 ஆக்கி, கொப்பரை போட்டுவிட்டேன். இந்தத் தீவில் யாருக்குத்தான் அது தெரியாது? 48 கேபிபிஎஸ், மோனோ, 1.8 எம்பி. 'தரம் போதாது, 320 வேண்டும்' என்றீர்கள். 320-இல் ஐந்து நிமிடம் 12 எம்பி. 'மறுபடி 2 எம்பிக்கு மேல்!' இரண்டு விதியும் ஒரே கோப்பில் பொருந்த வேண்டுமானால் பாட்டு 50 விநாடிதான் ஓடலாம். மேய்ப்பர்கள் கிளம்புவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

கடைசியில் தாங்களே வழி காட்டினீர்கள்: 'உள்ள 48-ஐயே 320 ஆக்கி, வெட்டி அனுப்பவும்.' அதாவது, கொப்பரையை ஊறவைத்து இளநீர் இறக்கு. காது கவனிக்காது என்று எம்பி3 கணக்குப் போட்டு எறிந்த ஒலி எறிந்ததுதான். 320 என்று சீட்டு ஒட்டினால் கோப்புதான் ஊதும். ஒட்டினேன். தாங்களும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, 'இளநீர் மிகச் சிறப்பு' என்றீர்கள்!

அந்த 50 விநாடியில் யார் இல்லை தெரியுமா? நாலாவது அடியைத் தனியாக எடுக்கும் பாட்டி இல்லை. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அவர் வீட்டைக் கொண்டுபோனது. வீட்டோடு போனவர்கள் சொல்லிக்கொடுத்த பாட்டு அது, ஐயா! கடலுக்குத் தப்பிய குரலை உங்கள் படிவம் நறுக்கிப் போட்டிருக்கிறது. அதில் ஓர் எண்ணை மாற்ற ஒருத்தருக்கும் கை வரவில்லையா?

மன்னிக்கவும். உப்புக்காற்று, பேச்சிலும் ஏறிவிடுகிறது.

2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்த கண்ணாடி இழை, சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் போட்டது, எங்கள் தீவையும் தொட்டிருக்கிறது. அவ்வளவு கடலையும் தாண்டிய இழை தங்கள் 2 எம்பி ஓட்டையில் முட்டி நிற்கிறது. தாங்கள் மனம் வைத்தால் அந்த ஓட்டை அகலும். ஃபிளாக் என்றொரு ஒலிக்கோப்பு வடிவமும் உண்டு. உரித்த தேங்காய் மாதிரி. மட்டை போகும், பாரம் குறையும், தண்ணீர் ஒரு சொட்டும் போகாது. தங்கள் பொற்கரத்தால் அதற்கும் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தால், தீவே கைகூப்பும்.

இப்படிக்கு,
தங்கள் 'மிகச் சிறப்பு' வாத்தியார்

இணைப்பு: கொப்பரை, ஒரு துண்டு. ஊறவைத்துப் பார்த்து, இளநீர் வந்தால் தகவல் தரவும்.