அப்பவே சார்

வேளச்சேரியில் எந்த டீக்கடையில் ஒதுங்கினாலும் ஓர் ‘அப்பவே சார்’ கிடைப்பார். விஜயநகர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்வை போனால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

“அப்பவே ஒரு கிரவுண்டு இருபதாயிரம்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தான் சார். நான்தான் வேணாம்னுட்டேன். ஒரு பக்கம் ஏரித் தண்ணி, ஒரு பக்கம் தவளைச் சத்தம், ராத்திரியானா நரி ஊளை. மனுஷன் குடியிருப்பானா?”

எனக்கு முதலில் சொன்னபோது இருபதாயிரம். அடுத்த பொங்கலுக்குப் பன்னிரண்டாயிரம். இப்போது எட்டாயிரத்தில் வந்து நிற்கிறது. சென்னையில் மனை விலை இறங்குகிற ஒரே இடம் அவருடைய ஞாபகம்தான். இப்படியே போனால், நிலத்துக்காரன் பத்திரச் செலவையும் தானே ஏற்றுக்கொண்டு காலில் விழுந்ததாகக் கதை முடியும்.

சொந்தமாக ஒரு சதுர அடி கிடையாது. ஆனால் யூடிஎஸ், தாய்ப்பத்திரம், வில்லங்கம் என்று எதைக் கேட்டாலும் பதில் உண்டு. 2017-ல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்த கையோடு பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றியது, 2023-ல் மதிப்பைப் பழையபடி உயர்த்திவிட்டுக் கட்டணத்தை 2 சதவீதமாக்கியது, எல்லாம் அத்துப்படி. மகளின் கல்யாணத் தேதியைக் கேட்டால்தான் யோசிப்பார்.

“முத்திரைத்தீர்வை 7, பதிவு 2. எண்பது லட்ச ரூபா ரீசேல் ஃபிளாட்டுக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம் போச்சா? அந்தக் காசுக்கு அப்பவே எத்தனை கிரவுண்டு!”

அவருடைய தற்போதைய விலைப்படி தொண்ணூறு.

வீடு தேடும் இளசுகளுக்கு இலவச ஆலோசனையும் உண்டு: “இப்ப வாங்காதே தம்பி, இறங்கும்.” 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது, கம்ப்யூட்டரெல்லாம் நாலு நாள் கூத்து என்றார். 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தபோது, காலி ரயிலை நம்பி எவன் வருவான் என்றார். எவனெவனோ வந்தான்.

2015 டிசம்பர் வெள்ளம்தான் அவருடைய பொற்காலம். ஊரில் செல்போன் கோபுரம் உயிர் பெற்றதும், வேளச்சேரியில் வீடு வாங்கிய நண்பர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டு நலம் விசாரித்தார். “நான் அப்பவே சொல்லலை?” இவர் இருந்தது வாடகை வீட்டின் இரண்டாவது மாடி. ஆனால் தண்ணீர் வடிந்த கொஞ்ச காலத்திலேயே வாங்குகிறவர்கள் மறுபடி வர ஆரம்பித்தார்கள். அதை அவர் நம்பிக்கைத் துரோகமாகவே எடுத்துக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

இதற்கிடையில் வாடகை மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் ஏறிக்கொண்டிருக்கிறது. அட்வான்ஸ் பத்து மாதம். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது. இருதரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் தடையில்லை என்றும் சொல்கிறது. ஓனர் நீட்டிய ஒப்பந்தத்தில், சட்டப் பிரிவையெல்லாம் அவருக்கே விளக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் நம் சார்.

வீட்டம்மா சொல்லும் கதை வேறு. “எங்கப்பா பாதிப் பணம் தரேன்னாரு தம்பி. இவருக்கு மாமனார் காசுன்னா கௌரவக் குறைச்சல். நரி எங்க வந்துது?”

அந்தம்மா சண்டை போடவில்லை. சீட்டுப் பணத்தைச் சேர்த்துத் திருநின்றவூரில் அரை கிரவுண்டு வாங்கி, தன் பேருக்குப் பட்டாவும் மாற்றியாகிவிட்டது. இந்தப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்கு வருவதில்லை என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

“சார்கிட்ட ஏம்மா சொல்லலை?”

“சொன்னா உடனே வித்துடச் சொல்லுவாரு. விலை இறங்கப் போகுதாமே.”