சறுக்கலும் தீவும்

கேள்வி: சியோலிலிருந்து ஒரே நாளில் பனிச்சறுக்கும் பழகி, நாமி தீவையும் பார்க்க நினைப்பது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைப்பதாகாதா?

பதில்: ஆகாது, காலையில் பனியில் கால் வைத்துவிட்டு, பிற்பகலில் ஆற்றைக் கடந்தால் போதும்! புதிதாகச் சறுக்குபவர் விழுந்து எழவும், பலகை முனைகளைக் குவித்து வேகம் தணிக்கவும் பழகுவதற்குள் தொடை ஓய்ந்துவிடும். களைத்த காலோடு தொடர்வதுதான் ஆபத்து என்பதால், சறுக்க அரை நாளே போதும். எலிசியன் காங்ச்சோன் சறுக்குத்தளமும், தீவுக்குப் படகேறும் காப்பியோங்கும் ஒரே ரயில் தடத்தில் இருப்பதால் அலைச்சலும் குறைவு. தீவை அரைகுறையாகத்தானே பார்ப்போம் என்பீர்கள். 1944இல் சோங்பியோங் அணை நீர் உயர்ந்ததால் உருவான சிறு தீவு அது; சில நிமிடப் படகுப் பயணம், இரண்டு மணி நேர நடை போதும். பொழுது சீக்கிரம் சாயும் என்பதால் நண்பகலிலேயே பலகையைக் கழற்றிவிடுங்கள். சறுக்கில் தேற விரும்புவோர் மட்டும் கூடுதல் நாள் தங்கலாம்.