உரிய அதிகாரிக்கு, பற்றைக்குள் இருந்து ஒரு மடல்

எனது இல: இல்லை
உமது இல: தேடப்படுகிறது

உரிய அதிகாரி அவர்கட்கு,

பொருள்: செங்கலடி – பதுளை வீதியில் இருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதையொன்று காணாமற்போனது தொடர்பாக.

ஐயா அல்லது அம்மணி,

“இதை உரிய அதிகாரியிடம் கேளுங்கள்” என்று ஐந்து கந்தோர்களில் சொன்னார்கள். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஓரிடத்தில் பிளேன்ரீயும் தந்தார்கள். ஆனால் தாங்கள் எந்தக் கந்தோரில் இருக்கிறீர்கள் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் பத்திரிகையில் எழுதித் தேடுகிறேன்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். செங்கலடிச் சந்தியில் திருகோணமலை வீதியை விட்டுக் கிறுகினால் ஏ5. கறுத்தப்பாலம், கரடியனாறு, புல்லுமலை என்று மகாஓயா வரைக்கும் கார்ப்பெட் வீதி. குறை சொல்ல மாட்டேன். அதில் இருந்து இறங்கி மூன்று கிலோமீற்றர் உள்ளே போனால் எங்கள் வயல்வட்டை. வழக்கு அந்த மூன்று கிலோமீற்றரைப் பற்றியது.

மாரி முடிந்து தை பிறக்கும்போது சூரைமுள்ளும் நாயுண்ணியும் இரு கரையாலும் வளர்ந்து, பாதையின் நடுவில் சம்பந்தம் கலந்துவிடும். பட்டா லொறியின் கண்ணாடி இரண்டையும் மடக்கி, யன்னலையும் ஏற்றிக்கொண்டு, தகரத்தில் முள் கீறும் சத்தத்தைக் கேட்டபடி போகவேண்டும். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் இருவரில் ஒருவர் காட்டுக்குள் போகவேண்டும். யார் போவது என்பதை இதுவரை பேசித்தான் தீர்த்திருக்கிறோம்.

சண்டைக் காலத்தில் கறுத்தப்பாலத்துக்கு அங்கால் உள்ளதை ‘அன்கிளியர்ட் ஏரியா’ என்பார்கள். துப்புரவாக்கப்படாத பகுதி. 2007இல் கிழக்கு முழுவதும் துப்புரவாகிவிட்டது என்று அறிவித்தார்கள். எங்கள் பற்றைகளுக்கு அந்த அறிவித்தல் இன்னும் வந்து சேரவில்லை.

2020இல் நாடு முழுக்க 1,00,000 கிலோமீற்றர் வீதி அபிவிருத்தி என்றார்கள். பூமியை இரண்டரைத் தரம் சுற்றிவரும் நீளம். எங்கள் மூன்றும் 1,00,001இல் இருந்து தொடங்குகின்றன போலும்.

தங்களைத் தேடி அலைந்ததில் நான் கற்ற சட்டத்தையும் எழுதுகிறேன். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சி, டி வகை மாகாணத்துக்கு. ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. குளக்கட்டு நீர்ப்பாசனத்துக்கு, வயற்பாதை கமநல சேவைக்கு, மரம் வனத்துக்கு, மரத்தின் கீழ் நிற்கும் ஆனை வனசீவராசிகளுக்கு. எங்கள் பாதை கொஞ்சத் தூரம் ஒழுங்கை, பிறகு குளக்கட்டு, பிறகு காடு, கடைசியில் வயல். அதனால் எல்லாருடையதும் ஆகி, ஒருவருடையதும் இல்லாமல் போய்விட்டது.

போதாததற்கு, 2001இல் வந்த சுற்றறிக்கை ‘ஏனைய அரச காடுகளை’ வனத் திணைக்களத்தின் கையில் கொடுத்தது. 2020இல் வந்த இன்னொன்று அவற்றைச் செயலகங்களின் பக்கம் திருப்பியது. கடதாசியில் கைமாறிய இத்தனை வருசத்திலும் பற்றை நின்ற இடத்தில் நின்று வளர்ந்தது.

போன வருசம் பொறுக்க முடியாமல் நாங்கள் நாலு பேர் கத்தி கொண்டுபோய்க் கரையை வெட்டினோம். மூன்றாம் நாள் ஒரு ஜீப் வந்தது. யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்றார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோசம்தான் வந்தது. கடைசியில் பாதைக்கு ஒரு சொந்தக்காரர் கிடைத்துவிட்டாரே! “அப்ப நீங்களே வெட்டித் தாங்க சேர்” என்றேன். “அது எங்கட வேலை இல்ல, உரிய அதிகாரியிட்டக் கேளுங்க” என்றார்கள்.

ஆக, வெட்டினால் காட்டுக்கு ஆள் இருக்கிறது. வெட்டச் சொன்னால் பாதைக்கு ஆள் இல்லை.

இப்போதைக்கு அந்தப் பாதையில் கடமையில் இருப்பது ஆனை மட்டும்தான். ஒரு நாள் பொழுதுபட, பட்டிக்காரப் பெரியப்பா ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். வளைவில் கொப்பு முறியும் சத்தம். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது ஆவி பறக்கும் லத்தி. அதற்கு மேல், இலையோடு இலையாக, ஒரு காது அசைந்தது. இருபது அடிகூட இராது. “மனே, ஹோன் அடிக்காத. கிறுக ஏலாது, லைட்ட நூராமப் பின்னுக்கு எடு” என்றார். மடக்கிய கண்ணாடியோடு, முள்ளுக்குள்ளால், நூறு யார் பின்னுக்கு எடுத்தேன். பெரியப்பா வீடு வரைக்கும் பிறகு வாய் திறக்கவில்லை.

ஆனையில் பிழை இல்லை. அடர்ந்த காட்டைவிட, வெட்டித் தளிர்த்த பற்றையில்தான் அதற்குத் தீனி அதிகம். பாதைக் கரையில் சாப்பாட்டை வளர்த்துவிட்டு, ஏன் வந்தாய் என்று அதைக் கேட்க முடியாது. 2023இல் மட்டும் இந்த நாட்டில் 400க்கு மேற்பட்ட ஆனைகள் செத்திருக்கின்றன; ஆனை–மனிதப் பிணக்கில் 150க்கு மேற்பட்ட மனிதரும் செத்திருக்கிறார்கள். இருபது அடியில் தெரிவது ஐம்பது யாரில் தெரிந்தால், ஆனையும் தப்பும், ஆளும் தப்பலாம்.

காட்டை வெட்டச் சொல்லவில்லை. கார்ப்பெட்டும் கேட்கவில்லை. பாதையின் இரு கரையிலும் ஆறு ஆறு அடி, வருசத்துக்கு ஒருதரம். ஐப்பசி மழைக்கு முன் கத்தியோடு பத்துப் பேரை அனுப்புங்கள். மத்தியானச் சோறும் எருமைத் தயிரும் எங்கள் பொறுப்பு. வந்தவர்கள் எந்தக் கந்தோர் என்று கேட்கவே மாட்டோம்.

இங்ஙனம்,
பின்னுக்கு எடுத்தே பழகிப்போன
ஒரு வட்டைக்காரன்