மொட்டைக் கம்பும் மீனும்: தொடர்பின்மை குறித்த ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிப்போரில் ஒரு சாரார் கடையில் தொங்கும் தூண்டில் கம்பை வாங்குவதில்லை, தாமே கட்டிக்கொள்கிறார்கள். அதற்காக அவர்கள் தேடி அலையும் மூலப்பொருள் ‘பிளாங்க்’ எனப்படும் மொட்டைக் கம்பு. வளையம் கட்டாதது, பிடி மாட்டாதது, ரீல் ஏறாதது, உள்ளே வெறுங்குழல். பெண் கொடுக்கிற வீட்டார் மாப்பிள்ளையை விசாரிப்பதுபோல் அதன் நீளம், எடை, வளைவு, குலம், கோத்திரம் எல்லாம் விசாரிக்கிறார்கள். விசாரணை முழுவதும் மீனின் பேரால் நடக்கிறது. ஆனால் இத்தேர்வில் மீனுக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. துணிபை முதலில் எழுதிவிட்டுச் சான்றுகளைப் பிறகு திரட்டுவது ஆய்வுலகுக்குப் புதிதன்று என்பதால் அந்த மரபே இங்கும் பின்பற்றப்படுகிறது.

முதலில் மீனை விசாரித்து அனுப்பிவிடலாம். 1802இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேத் விலங்கியல் பெயர் சூட்டிய பெருவாய் பாஸ், பெயரால்தான் பாஸ். குடும்பத்தால் சூரியமீன் வகை. நம் கொடுவாவுக்கு உறவுமில்லை, பகையுமில்லை. இரை அருகே வந்ததும் வாயை அகலத் திறக்கும். உள்ளே பாயும் தண்ணீரோடு இரையும் போய்விடும். தங்கூசியின் மறுமுனையில் என்ன கம்பு இருக்கிறது என்று அது விசாரித்ததற்குச் சான்றில்லை. அலபாமாவின் கண்டர்ஸ்வில் ஏரியில் பாசி பாய் விரித்ததுபோல் மூடிக்கிடக்கும் இடத்தில் மூன்று பவுண்டு பாஸை இழுக்க, கனத்த கம்பும் 50 பவுண்டு தாங்கும் பின்னல் நூலும் வேண்டும். அதே எடையுள்ள அதே மீனை மீட் ஏரியின் தெளிந்த ஆழத்தில் பிடிக்க, நுனி துவளும் மெல்லிய கம்பும் 6 பவுண்டு நூலும் போதும். மீன் ஒன்று, கம்பு இரண்டு. காரியம் மாறும்போது மாறாமல் நிற்கும் ஒன்றை அதன் காரணம் என்று தர்க்கம் அறிந்த எவரும் சொல்லார்.

அடுத்த சான்று எழுத்துச் சான்று. பிளாங்க்கின் அடிப்பகுதியில் பொறித்திருப்பதைக் கல்வெட்டு படிப்பவர் கண்ணோடு படித்தால் கிடைக்கும் வாசகம் ஏறத்தாழ இதுதான்: நீளம் 7 அடி, பவர் மீடியம்-ஹெவி, ஆக்‌ஷன் ஃபாஸ்ட், நூல் 12 முதல் 20 பவுண்டு, இரை 3/8 முதல் 1 அவுன்ஸ். எங்கும் மீனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பவர் என்பது கம்பை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது; ஆக்‌ஷன் என்பது அது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் எனில் நுனிப் பக்கம் மட்டும் வளையும். மாடரேட் எனில் வளைவு நடுவரை இறங்கும். போலி இரைகளில் ஒற்றை முள் கொண்ட ஜிக்குக்கும் ரப்பர் புழுவுக்கும் ஃபாஸ்ட் உகந்தது, தடித்த முள்ளைச் சட்டென்று அழுத்திப் பதிக்க வேண்டியிருப்பதால். சிறு மும்முள் தொங்கும் கிராங்க்பெயிட் என்ற போலி இரைக்கு அதுவே கெடுதல். விறைப்பான கம்பு வெடுக்கென இழுத்தால் முள் சதையைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும். ‘அந்தச் சதை மீனுடையதுதானே, பிறகு எப்படிச் சம்பந்தமில்லை?’ எனின், அற்றன்று. சதை இரண்டிடத்தும் ஒன்றே, மாறியது முள். ஆகவே கம்பைத் தேர்ந்தது முள்ளே என்க.

ஃபாஸ்ட், ஹெவி என்பவை அளவுகள் அல்லவா என்று கேட்கலாம். அவை அடைமொழிகள். ஒரு கம்பெனியின் மீடியம்-ஹெவி இன்னொரு கம்பெனியில் ஹெவியாக இருக்கும். எல்லார்க்கும் பொதுவான முழக்கோல் கிடையாது. இந்தக் குறையைத் தீர்க்க வில்லியம் ஹன்னமன் என்பவர் ஒரு முறை வகுத்தார். கம்பின் அடியைக் கிடையாக இறுக்கிவிட்டு, நுனியில் ஒரு பை கட்டி, நுனி கம்பின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழும் வரை அதில் ஒரு சென்ட் காசுகளைப் போட வேண்டும். எத்தனை காசோ அத்தனை பலம். நுனி தாழ்ந்த கோணம் ஆக்‌ஷன். காசு 2.5 கிராம் எடையுள்ளதாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். 1982இல் செம்பைக் கைவிட்டுத் துத்தநாகத்துக்கு மாறுமுன் அடித்த காசுகள் 3.11 கிராம் இருக்கும். அவை பையில் கலந்தால் கம்பின் பலம் குறைவாகத் தெரியும். ஆக, பிளாங்க்கின் தகுதியை நிர்ணயிப்பதில் அமெரிக்க நாணயச் சாலைக்குக்கூட ஒரு பங்கு உண்டு.

‘விலை கூடிய ஹை மாடுலஸ் கிராஃபைட்டில் மீன் தொட்டாலே கையில் தெரியுமே’ என்பது அடுத்த தடை. பிசின் ஊறிய கிராஃபைட், அதாவது கார்பன் நார்த் துணியை, கொடி வடிவில் ஒரு பக்கம் சரித்து வெட்டி, நுனி சிறுத்த எஃகுத் தண்டின் மேல் சுருட்டி, மேலே நாடா இறுகச் சுற்றி, அடுப்பில் வேகவைத்துத் தண்டை உருவி எடுத்தால் பிளாங்க். தேய்த்து வழவழப்பாக்காத பிளாங்க்கில் நகத்தை ஓட்டினால் நாடா சுற்றிய தடம் வரிவரியாகத் தட்டுப்படும். மாடுலஸ் என்பது நாரின் விறைப்பு. விறைப்பு கூடக்கூடக் குறைந்த துணியே போதும். சுவர் மெலிகிறது, எடை குறைகிறது, விலை ஏறுகிறது. பொருள் குறையக் குறைய விலை கூடும் சரக்கு உலகில் அபூர்வம். கையில் சேதி வருவது மெய்யே. ஆனால் அது கைக்கு வரும் சேதி, மீனுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. மெலிந்த சுவர் படகு விளிம்பில் ஒரு முறை இடிபட்டாலும் பிறகு ஒருநாள் காரணம் சொல்லாமல் முறியும். 1970களின் தொடக்கத்தில் ஃபென்விக் கம்பெனி கிராஃபைட் கம்பைக் கொண்டுவந்த பிறகும், கிராங்க்பெயிட்காரர்கள் பழைய கண்ணாடி நார்க் கம்பை விடவில்லை. துவள்வதுதான் அதற்குத் தகுதி.

முதுகெலும்புச் சண்டையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிளாங்க்கின் அடியை வழவழப்பான தரையில் ஊன்றி, நுனியருகே ஓர் உள்ளங்கையில் தாங்கி, மறு கையால் நடுவை அழுத்தி உருட்டினால், ஓரிடத்தில் அது துள்ளிப் புரண்டு நிலைகொள்ளும். சுருட்டிய துணியின் மடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததால் வருவது இது; பெயர் முதுகெலும்பு. வளையத்தை அந்த முதுகெலும்புக் கோட்டில் கட்டாவிட்டால் இழுக்கும்போது கம்பு முறுகும் என்பது ஒரு கட்சி. வளையம் மேலே இருந்தால் நூலின் இழுப்பே அதைக் கீழே புரட்டப் பார்க்கும், முதுகெலும்பு எங்கிருந்தால் என்ன, நேராகத் தெரியும் பக்கம் பார்த்துக் கட்டு என்பது மறு கட்சி. இயற்பியல் இரண்டாம் கட்சியின் பக்கம் சாய்கிறது. இரு கட்சியாரும் மீனைச் சாட்சிக்கு அழைத்ததில்லை என்பதே நமக்கு வேண்டுவது.

எஞ்சியது பெருந்தடை. 1932 ஜூன் 2ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்து மான்ட்கமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸ் அளவுக்குக் கூடுதல் என்றாலும், இரண்டு அவுன்ஸாவது மிஞ்ச வேண்டும் என்ற விதியால் சாதனையைச் சமன்செய்ததாகவே கொள்ளப்பட்டது. பெர்ரி பிளாங்க் தேர்ந்தவரல்லர். பொருளாதார மந்த காலத்துப் பண்ணைக்காரர், மீனைக் குடும்பம் சமைத்துச் சாப்பிட்டது. ‘அவருக்கு வேண்டாத ஆராய்ச்சி நமக்கு எதற்கு?’ எனின், இத்தடை நம் துணிபை உடைக்கவில்லை, தாங்கிப் பிடிக்கிறது. கம்பு எதுவென்று அந்த மீன் கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டியது, ஒரு கடிக்காக நாளெல்லாம் நூறு நூறு முறை வீசும் தோள். ஆகவே முறை இது: அதிகம் வீசும் இரையை முதலில் எடைபோடுக, அந்த எடை பிளாங்க்கில் பொறித்த வீச்சின் நடுவில் விழட்டும். முள்ளைப் பார்த்து ஆக்‌ஷனையும், பாசியைப் பார்த்துப் பவரையும், படகையும் சொந்த உயரத்தையும் பார்த்து நீளத்தையும் முடிவு செய்க. நிறம் கடைசி, பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள் என்பது வேறு விஷயம்.

1972 முதல் ரே ஸ்காட் என்பவர் தாம் நடத்திய பாஸ் பிடிப்புப் போட்டிகளில், பிடித்த மீனைக் கொல்லாமல் திருப்பி விடும் வழக்கத்தைப் பரப்பினார். மீன் படகின் தொட்டியில் நீந்தித் தராசு ஏறி மறுபடி ஏரிக்குப் போகிறது. கம்பு வீட்டுக்கு வருகிறது; அதற்குள் இன்னோர் இரையின் எடை இந்தப் பிளாங்க்கின் வீச்சுக்குள் அடங்கவில்லை என்பது கட்டியவருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த விசாரணை தொடங்கிவிட்டது, வழக்கம்போல் மீனின் பேரால்.