தணிகைக்கு ஓர் அணி

இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக் 2022-இல் ஆறு அணிகளோடு தொடங்கியது: சென்னை, கொச்சி, பெங்களூரு, மும்பை, டெல்லி, சண்டிகர். பெரிய விமான நிலையம் உள்ள ஊர்களுக்கு வட்டம் போட்டாலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான் வரும். ஏழாவது அணிக்கு இடம் தேடுகிறவர்கள் ஒருநாள் சென்ட்ரலில் திருத்தணி மின்சார ரயில் ஏறிப் பார்க்கலாம்.

உடற்பயிற்சிக் கூடம் கட்டும் செலவு மிச்சம். மலைக்கு 365 படி. டிசம்பர் 31 படித்திருவிழாவில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, குனிந்து நிமிர்ந்து உச்சிவரை போகும் பாட்டிமாரைப் பயிற்சியாளர்களாக அமர்த்தினால் ஆறே வாரத்தில் அணி தயார். மொட்டை போட்ட ஆட்டக்காரருக்கு நெற்றிப்பட்டையும் தேவைப்படாது. நடுவரோடு சண்டை? முருகனே சூரனை முடித்துவிட்டு வந்து சினம் தணிந்த இடமாயிற்றே. டெக்னிக்கல் ஃபவுல் எம்மாத்திரம்!

ஒரே சிக்கல், எல்லை. ம.பொ.சி. போராடிய போராட்டத்தில், 1960 ஏப்ரல் 1 அன்றுதான் (தேதியைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்) ஊர் ஆந்திரத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. பக்கத்து நகரிக்காரர் ஆட்டம் பார்க்க வந்தால் எதிரணி ரசிகர் என்று எழுதுவதா? ஆடிக் கிருத்திகைக்கு அவரும் இங்கேதானே காவடி எடுக்கிறார். வர்ணனையைத் தமிழிலும் தெலுங்கிலும் கலந்தடித்துவிடலாம். கடைத்தெருவில் பேரம் அப்படித்தான் நடக்கிறது.

கொடிக்கு மட்டும் குழு போட வேண்டாம். சேவல் ஏற்கெனவே ஏறிவிட்டது.